தயார் என்று சொல்லும் கம்பி

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறை எங்களையெல்லாம் பிடித்துக் கணினி வகுப்பில் உட்கார வைத்தது. தலை நரைத்தவர்களுக்குப் புது வித்தை. பாடம் எடுத்தவருக்கு மீசை அப்போதுதான் சரியாக அரும்பியிருந்தது. அவர் கரும்பலகையில் இரண்டு பெட்டிகளைப் போட்டு நடுவில் கோடுகள் இழுத்தார். "இது சீரியல் போர்ட். இதன் வழியாக எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். வாங்குகிற பெட்டிக்கு மூச்சு முட்டினால் என்ன செய்வது? அதற்குத் தனியாக ஒரு கம்பி இருக்கிறது. அந்தக் கம்பியில் 'நான் தயார்' என்று தெரிந்தால்தான் டிரைவர் அடுத்த எழுத்தை அனுப்பும். தெரியாவிட்டால் காத்திருக்கும்." டிரைவர் என்றால் அந்தப் போர்ட்டைக் கட்டி மேய்க்கிற புரோகிராம் என்றும், இந்த ஏற்பாட்டுக்கு ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல் என்று பெயர் என்றும் சொன்னார். சொன்ன தோரணையைப் பார்த்தால், போன வாரம்தான் அவரே உட்கார்ந்து கண்டுபிடித்தது போல இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன சிரிப்பு என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். எழுபதுகளில் சின்ன காஞ்சிபுரத்தில் எனக்கென்று அப்படி ஒரு கம்பி இருந்தது, அதன் மேல் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள், அந்தத் தோரணம் இல்லாவிட்டால் இன்றைக்கு நான் ஆரணியில் வேறு யாருடைய வீட்டிலோ அடுப்பு ஊதிக்கொண்டிருப்பேன் என்றெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது? அதனால் இங்கே சொல்கிறேன்.

எங்கள் குடும்பம் தறிக் குடும்பம். அப்பா தறியில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது சாப்பிட மட்டும்தான். அந்தத் தெருவிலிருந்து சர்க்கார் வேலைக்குப் போன முதல் பெண் நான். சின்ன காஞ்சிபுரத்துத் தந்தி ஆபீஸில் டெலிபிரிண்டர் கிளார்க். ஆபீஸ் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓர் அறை, ஒரு மேஜை, ஒரு ஜன்னல் கவுன்டர், ஒரு டெலிபிரிண்டர், தந்தியைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் ஆள். மிச்சம் எல்லாம் நான்தான். கவுன்டரில் தந்தி எழுத வருகிறவருக்கு வார்த்தை எண்ணிச் சொல்வது நான். வார்த்தையைக் குறைத்தால் காசு குறையும் என்று அவர்கள் மாமாவை வெட்டுவதா, வணக்கத்தை வெட்டுவதா என்று யோசிக்கும்போது பொறுமையாக நிற்பதும் நான். பின்னால் மெஷின் தடதடவென்று அடிக்கும்போது ஓடிப்போய்ப் பார்ப்பதும் நான்.

மெஷினுக்குத் தந்திகள் பெரிய காஞ்சிபுரத்துத் தலைமைத் தந்தி ஆபீஸிலிருந்து வரும். சென்னையிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் வந்தவற்றை அங்கே ஒரு காகித நாடாவில் ஓட்டை ஓட்டையாகக் குத்தி வைத்துக்கொள்வார்கள். அந்த நாடாவை அனுப்பும் கருவியில் செருகினால் போதும். அது பாட்டுக்கு இழுத்து இழுத்து அனுப்பும். செருகிய கிளார்க் டீ குடிக்கப் போகலாம். நாடாவுக்குக் களைப்பு கிடையாது, இங்கே எனக்குக் கிடைக்காத இடைவேளையும் அதற்குத் தேவையில்லை.

முகூர்த்த மாதங்களில் என் நிலையை என்ன சொல்வேன். வாழ்த்துத் தந்திகளுக்கு அப்போது எண்கள் உண்டு. முழு வாசகம் எழுத வேண்டியதில்லை, எண்ணைப் போட்டால் போதும், வாங்குகிற ஆபீஸில் அந்த எண்ணுக்கு உரிய வாசகத்தை எடுத்து எழுதிக் கொடுப்போம். எண் ஒன்று மாறினால் மணமக்களுக்குத் தேர்தலில் வென்றதற்குப் பாராட்டுப் போய்ச் சேரும். ஒருமுறை அப்படிப் போயும் சேர்ந்தது. மாப்பிள்ளை அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார் என்று கேள்வி.

ஆனால் என் தலைவலி எண்ணில் இல்லை, காகிதத்தில் இருந்தது. மெஷினுக்குள் காகித உருளை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். அந்தக் காகிதம் அவ்வப்போது கோணலாக ஏறிச் சிக்கிக்கொள்ளும், அல்லது தீர்ந்துபோகும். அதைப் பற்றி மெஷினுக்கு ஒரு கவலையும் இல்லை. ஒரே வரியின் மேல் திரும்பத் திரும்ப அடித்து, ஏழெட்டுத் தந்திகளைச் சேர்த்து ஒரு கறுப்புப் பட்டையாக ஆக்கிக் கொடுக்கும். நான் கவுன்டரில் ஒரு பெரியவருக்கு வார்த்தை எண்ணிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், இறந்தவரும் பிறந்தவரும் பரீட்சையில் தேறியவரும் அந்தப் பட்டைக்குள் ஒன்றாகிவிட்டிருப்பார்கள்.

உடனே தலைமை ஆபீஸுக்குப் போன் போட்டுத் திருப்பி அனுப்பச் சொல்ல வேண்டும். போன் எடுப்பவர் டெலிகிராப் மாஸ்டர். எனக்கு மேலதிகாரி. வெற்றிலைச் சிவப்பேறிய வாயும் எப்போதும் கஞ்சி மடிப்புக் கலையாத சட்டையும் உள்ளவர். எங்கள் அப்பாவுக்குத் தூரத்துப் பழக்கம். அப்பா நெய்த புடவையை மாஸ்டர் தன் தங்கையின் கல்யாணத்துக்கு வாங்கியதால் ஏற்பட்ட பழக்கம்.

"சார், காகிதம் சிக்கிடுச்சு. கடைசியா அனுப்பினதெல்லாம் திருப்பி அனுப்பணும்."

"ஆன்சர் பேக் வந்திச்சே-மா."

இந்த ஆன்சர் பேக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தந்தியை அனுப்புவதற்கு முன்னாலும் அனுப்பிய பின்னாலும் அந்தப் பக்கத்து ஆள் 'நீ யார்' என்று ஒரு விசையைத் தட்டுவார். உடனே இந்தப் பக்கத்து மெஷின் தானாகவே தன் பெயரைச் சொல்லும். நான் இருந்தாலும் சொல்லும், இல்லாவிட்டாலும் சொல்லும். காகிதம் இருந்தாலும் சொல்லும், தீர்ந்து நார் நாராகக் கிழிந்திருந்தாலும் சொல்லும். 'நான் இருக்கிறேன்' என்றுதான் அது சொல்லுமே தவிர, 'நான் வாங்கிக்கொண்டேன்' என்று ஒருநாளும் சொன்னதில்லை. மாஸ்டர் அந்த இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்கிறவர் இல்லை.

"மெஷின் சொல்லிச்சு சார். நான் சொல்லலை."

"மெஷின் சொன்னா நீ சொன்ன மாதிரிதான்-மா. சர்க்கார் மெஷின் அது."

அப்படியே ஒரு மெமோ வந்தது. கொஞ்ச நாள் கழித்து இன்னொன்று. தந்தி கிடைத்தும் கவனக்குறைவால் தொலைத்தார் என்று இரண்டிலும் எழுதியிருந்தது. நான் அப்போது தகுதிகாண் காலத்தில் இருந்தேன். மூன்றாவது மெமோ வந்தால் வேலை நிரந்தரமாகாது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வீட்டில் என்ன காத்திருந்தது என்பதும் எனக்குத் தெரியும். மாஸ்டரின் தங்கை மகன் ஆரணியில் பட்டு நூல் வியாபாரம் செய்துகொண்டிருந்தான். அந்தத் தை மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் காபித் தட்டோடு போய் நின்றேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா என் பின்னலைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டாள். நான் வாயைத் திறக்காமல் உள்ளே போனேன். கூடத்தில் மாஸ்டர் சொன்னது காதில் விழுந்தது. "பொண்ணு ஒண்ணும் சொல்லலியே. அப்புறம் என்ன? சம்மதம்னுதானே அர்த்தம்."

எனக்கு அந்தப் பையன்மேல் எந்தக் கோபமும் இல்லை. பாவம், அவனும் பேசாமல்தான் உட்கார்ந்திருந்தான். ஆனால் அந்த வீட்டில் மருமகள் வேலைக்குப் போகக் கூடாது என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டார்கள். நான் மெஷினைச் சபித்தாலும் அந்த வேலையை விட்டால் செத்துப்போவேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அப்பாவிடம் அழுதேன். அப்பா தறியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "வேலை நிரந்தரமாவட்டும், பாத்துக்கலாம். ஆவலேன்னா நான் என்னா சொல்லி நிறுத்துறது?" என்றார். ஆக, என் வேலையின் தலையெழுத்தையும் கல்யாணத்தின் தலையெழுத்தையும் எழுதுகிற கை ஒரே கை. அது வெற்றிலை மடித்துக்கொண்டு தலைமை ஆபீஸில் உட்கார்ந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மெஷினைச் சரிபார்க்க ஒரு மெக்கானிக் வந்தார். இந்த ஊரிலேயே பிறந்த தெலுங்குக்காரர். அவர் வேலை செய்த நேரத்தைவிடக் காபி ஆறுவதற்குக் காத்திருந்த நேரம் அதிகம். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, மெஷினை நோண்டாமல் என்னை நோண்டினார்.

"உனக்கு என்னாமா வேணும்? மெஷின் நல்லாத்தானே இருக்குது."

"அவங்க அனுப்பறதுக்கு முன்னாடி என்னைக் கேக்கணும். அவ்ளோதான்."

"கேக்கறாங்களே, நீ யாருன்னு."

"யாருன்னு கேட்டா போதுமா? இப்ப வாங்கிக்கிற நெலமையில இருக்கியான்னு கேக்க வாணாவா?"

அவர் காபியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். மேலே போகிற கம்பங்களில் பழைய மோர்ஸ் காலத்துக் கம்பி ஒன்று சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது என்றும், அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். தந்தி வருகிற கம்பி வேறு, இது வேறு. இந்தக் கம்பியில் தந்தி எதுவும் போகாது. என் பக்கத்தில் ஒரு லீவர், அதோடு மெஷினுக்குள் காகிதத்தின் மேல் படுத்திருக்கிற ஒரு சிறு இரும்புக் கை. காகிதம் சரியாக ஓடிக்கொண்டிருந்து, லீவரையும் நான் கீழே தள்ளியிருந்தால் கம்பியில் மின்சாரம் இருக்கும். தலைமை ஆபீஸில் நாடாவை இழுக்கிற கருவி அந்த மின்சாரத்தைப் பார்த்துத்தான் ஓடும். இல்லையென்றால் அப்படியே நின்றுவிடும்.

உண்மையில் அவர் முதலில் சொன்னது வேறு மாதிரி. நிறுத்த வேண்டும் என்றால் மட்டும் மின்சாரம் அனுப்பலாம், மற்ற நேரமெல்லாம் ஓடட்டும் என்றார். அது சுலபம் என்பது அவர் கட்சி. நான் ஒப்புக்கொள்ளவில்லை.

"கம்பி அறுந்துட்டா?"

"அறுந்தா ஓடிக்கினே இருக்கும். பரவாலேது."

"பரவாலேது ஒண்ணும் இல்ல. நான் ஒண்ணும் சொல்லாம இருந்தா நிக்கணும். நான் சரின்னு சொன்னாத்தான் வரணும்."

எனக்கு அப்போது அவ்வளவு கோபம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குப் புரியவில்லை. எனக்கு என் பின்னல் ஞாபகம் வந்திருந்தது. அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் தலைமை ஆபீஸுக்குப் போய், மின்சாரத்தைப் பார்த்துக் கருவியை ஓட்டுகிற ரிலே என்ற சுவிட்சை நான் சொன்னபடியே மாற்றிப் போட்டார்.

முதல் வாரம் சொர்க்கம். கவுன்டரில் ஆள் இருந்தால் லீவரைத் தூக்கி வைத்துவிடுவேன். மெஷின் வாயை மூடிக்கொள்ளும். பெரியவர் மாமாவை வெட்டி முடித்துக் காசு கொடுத்துப் போன பிறகு லீவரைத் தள்ளுவேன். விட்ட இடத்திலிருந்து ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் தொடரும். காகிதம் கோணினால் அந்தச் சிறு கை தூக்கிக்கொண்டு தானே நிறுத்திவிடும். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து எதுவும் தொலையாத வாரம் அதுதான்.

ஆனால் காத்திருப்பது என்கிற சங்கதி இருக்கிறதே, அதை ஒழிக்க முடியாது. யார் தலையில் கட்டுவது என்பதுதான் கேள்வி. இதுவரை என் தலையில் இருந்தது. இப்போது தலைமை ஆபீஸுக்குப் போய்விட்டது. நாடா ஓடாமல் நிற்க நிற்க, சென்னையிலிருந்து வருவது குவிந்தது. நாடாச் சுருள்களைக் கூடையில் போட்டார்கள். கூடை நிரம்பித் தரையில் விழுந்தது. மாஸ்டரின் காலில் சுற்றிக்கொண்டது. அவர் சென்னையைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டி வந்தது. சென்னையில் இருந்தவர்களும் மாஸ்டர்கள்தானே. "ஆன்சர் பேக் வந்ததே" என்றார்களாம்.

மாஸ்டர் என்னைப் போனில் பிடித்தார். "என்னாமா, உன் இஷ்டத்துக்கு நிறுத்திக்கினே இருந்தா ஆபீஸ் எப்படி ஓடும்? அந்தக் கம்பியைப் பிடுங்கச் சொல்லப் போறேன்."

"சொல்லுங்க சார். மெக்கானிக் எழுத்துல ஆர்டர் கேக்கறாரு."

அது உண்மை. மெக்கானிக் கெட்டிக்காரர். வாய்ச் சொல்லுக்குக் கம்பியைப் போட்டார், ஆனால் எழுத்தில் இல்லாமல் பிடுங்க மாட்டேன் என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டால், பிறகு எது தொலைந்தாலும் கையெழுத்துப் போட்டவர் தலை உருளும். மாஸ்டர் தன் உத்தியோகத்தில் கையெழுத்தை மெமோவுக்கு மட்டுமே செலவழித்தவர். ஆகவே கம்பி பிழைத்தது. அதற்குப் பதிலாக ஒரு வாய்மொழி உத்தரவு போட்டார். மெஷின் நின்றாலும் சரி, சின்ன காஞ்சிபுரத்துத் தந்திகளைப் போனிலும் படிக்கக் கூடாது, ஆள் மூலமும் அனுப்பக் கூடாது, கம்பி வேண்டும் என்று கேட்டவள் கம்பி வழியாகவே வாங்கிக்கொள்ளட்டும் என்றார். குவியல் பெருகினால் பழி என்மேல் விழும் என்பது அவர் கணக்கு.

வைகாசி வந்தது. வரதருக்குப் பிரம்மோற்சவம். தேர் அன்று ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. தேர் வீதியில் குறுக்கே போகிற கம்பிகளையெல்லாம் கழற்றி விடுவார்கள். கரண்டுக் கம்பி, டெலிபோன் கம்பி, தந்திக் கம்பி எதுவானாலும் சரி, தேர் வருகிறதென்றால் இறங்கி வழி விட வேண்டும். தேர் தாண்டிப் போனதும் லைன்மேன் ஏணியோடு வந்து திரும்ப முடிச்சுப் போடுவார். அதுவரை சின்ன காஞ்சிபுரத்துக்கு உலகத்தோடு பேச்சுவார்த்தை கிடையாது, பெருமாளோடு மட்டும்தான்.

அன்று பிற்பகலில் தேர் தாண்டிப் போனது. லைன்மேன் கம்பிகளைக் கட்டினார். தந்திக் கம்பியைக் கட்டினார், டெலிபோன் கம்பியைக் கட்டினார். என் கம்பியைக் கட்டவில்லை. அவருக்குத் தெரிந்த வரையில் அது மோர்ஸ் காலத்துச் செத்த கம்பி. செத்ததை எதற்கு மறுபடி தூக்கிக் கட்டுவது? நல்ல செம்புக் கம்பி, வீணாகத் தொங்குகிறதே என்று, சுவாமி திரும்பி வரும் வழியில் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் கொடுத்துவிட்டார். அவர்கள் அதைத் தெருவின் குறுக்கே முகப்பந்தலுக்கு இழுத்துக் கட்டி, நெருக்கமாக மாவிலையைச் செருகினார்கள். காஞ்சிபுரத்து லைன்மேனைத் தவிர வேறு எந்த ஊர் லைன்மேனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். சாயங்காலம் முழுக்க மெஷின் வாய் திறக்கவில்லை. லீவரைத் தள்ளித்தான் வைத்திருந்தேன். போன் போட்டேன். தலைமை ஆபீஸ் கிளார்க் எடுத்தான்.

"உன் பக்கம் தயார் இல்லேன்னு காட்டுதுக்கா. எல்லாம் கூடையில கெடக்குது."

"மாஸ்டர் எங்க?"

"லீவு. ஆரணி போயிருக்காரு. போன்ல படிக்கட்டுமா?"

கேட்டுவிட்டு அவனே, "வாணாம்கா, அவரு வந்தா என்னைத் தொலைச்சிடுவாரு" என்று வைத்துவிட்டான். மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பினேன். காலையில் வருகிறேன் என்று சொல்லியனுப்பினார். காலை என்றால் அவருடைய காலை. எனக்கு முதலில் பயம். பிறகு யோசித்துப் பார்த்தேன். எதுவும் தொலையவில்லை. எல்லாம் கூடையில் அப்படி அப்படியே இருக்கிறது. நான் தயார் என்று சொல்லவில்லை, அதனால் வரவில்லை. அவ்வளவுதான். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை எங்கள் தெருவில் அப்பா பாவு நீட்டியிருந்தார். தறியில் ஏற்றுவதற்கு முன் நீள நூல்களையெல்லாம் சேர்த்துத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைத்து, அறுந்த இழைகளைப் பார்த்துச் சேர்ப்பார்கள். அதற்குத்தான் பாவு நீட்டுவது என்று பெயர். எங்கள் தெருவில் பாவு நீட்டியிருந்தால் சைக்கிள் போகாது, மாடு போகாது, கலெக்டர் வந்தாலும் தெரு முனையில் இறங்கி ஓரமாகத்தான் நடந்து வர வேண்டும். அதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. நூல் கிடந்தால் நிற்க வேண்டும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

நான் ஆபீஸுக்குக் கிளம்பி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது தெரு முனையில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. அதிலிருந்து மாஸ்டர் இறங்கினார். அவர் பின்னால் அவருடைய தங்கை, தங்கை வீட்டுக்காரர், அந்தப் பையன், இரண்டு மூன்று பெண்கள். கைகளில் தாம்பாளம். தாம்பாளத்தில் வாழைப்பழம், தேங்காய், பூ, சுருட்டி வைத்த பட்டு. பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. நிச்சயதாம்பூலத்துக்கு வந்திருக்கிறார்கள்.

டிரைவர் ஹாரன் அடித்தார். அப்பா பாவின் நடுவில் நின்றபடி கையைக் காட்டினார். கார் அங்கேயே நின்றது. தாம்பாளங்களும் அங்கேயே வெயிலில் நின்றன.

அப்பா நூலைத் தாண்டாமல் குனிந்து ஓரமாக நடந்து போனார். நானும் பின்னால் போனேன்.

"என்னாபா இது, சொல்லாம கொள்ளாம?" என்றார் அப்பா.

மாஸ்டருக்கு ஆச்சரியம். "சொல்லாமயா? நேத்து மத்தியானமே ஆரணியிலிருந்து தந்தி குடுத்தோமே. தேர் முடிஞ்ச மறுநாள் நல்ல நாளா இருக்குது, காலையில தட்டு மாத்திடலாம், வேணாம்னா சாயங்காலத்துக்குள்ள பதில் தந்தி குடுங்க, பதில் வரலேன்னா சம்மதம்னு வந்துடறோம்னு தெளிவா எழுதியிருந்திச்சே. பதில் வரலை. வந்துட்டோம்."

"எனக்குத் தந்தி ஒண்ணும் வரலியே" என்றார் அப்பா.

மாஸ்டர் மெல்ல என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் மூன்றாவது மெமோ உருவாகிக்கொண்டிருந்தது எனக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. எங்கள் தெரு என் ஆபீஸின் எல்லைக்குள் இருக்கிறது. அந்தத் தந்தி வந்திருந்தால் என் மெஷினில்தான் அடித்திருக்கும். எனக்கு நானே நிச்சயம் செய்கிற தந்தியை நானே கிழித்து, நானே உறையில் போட்டு, சைக்கிள்காரரிடம் கொடுத்து அப்பாவுக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

"தந்தியைத் தொலைச்சிட்டியா-மா?" என்றார் மாஸ்டர். குரலில் வருத்தத்தைவிட வசதி அதிகமாக இருந்தது.

இந்த முறை விஷயம் என் கையில் இருந்தது.

"தொலையல சார். உங்க ஆபீஸ்லதான் இருக்குது. உங்க நாற்காலிக்குப் பக்கத்துல, கூடையில. நேத்து மத்தியானத்திலேர்ந்து என் பக்கம் தயார்னு சொல்லல. அதனால உங்க கருவி அனுப்பல. போன்லயும் படிக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. போய்ப் பாருங்க, ஒரு எழுத்துக்கூடக் கொறைஞ்சிருக்காது."

வெற்றிலை இல்லாத நேரத்தில் மாஸ்டரின் வாய்க்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தன் ஆபீஸில், தன் கூடையில், தன் உத்தரவால், தன் சொந்தத் தந்தி நாள் முழுக்கக் கிடந்திருக்கிறது. யாருக்கு மெமோ எழுதுவது?

அவருடைய தங்கை விட்டுக்கொடுக்கவில்லை. "அதான் என்னா இப்போ? தந்தி வந்தா என்னா, வராட்டி என்னா. பொண்ணுதான் அன்னைக்கே ஒண்ணும் சொல்லலியே. ஒண்ணும் சொல்லலேன்னா சம்மதம்னுதானே."

அந்தக் கணத்தில் எனக்கு மாஸ்டர்மேல் இருந்த பயம் போய்விட்டது. மனசுக்குள் இருந்ததெல்லாம் ஒரே பதைபதைப்பு, அப்பா என்ன சொல்லப் போகிறார் என்று. ஏனென்றால் அவர்கள் சொன்னது எங்கள் ஊர் வழக்கம். எந்த அப்பாவும் அதை மறுத்துப் பேசியதை நான் பார்த்ததில்லை. தாம்பாளத்தோடு வாசல் வரை வந்தவர்களைத் திருப்பியனுப்பினால் தெரு முழுக்கப் பேசும்.

அப்பா தெருவில் கிடந்த பாவைத் திரும்பிப் பார்த்தார். காரைப் பார்த்தார். வெயிலில் வேர்த்துக்கொண்டு, அவ்வளவு நூலையும் மிதிக்காமல் நின்றிருந்த அவர்கள் கால்களைப் பார்த்தார்.

"நூலு கெடக்குதுன்னு நின்னீங்க இல்ல? காயல, நாங்க எடுக்கல, அதனால நின்னீங்க. யாரும் வந்து சொல்லல. நீங்களா நின்னீங்க."

"நிக்காம? மிதிச்சா வீணாயிடுமே" என்றார் தங்கை வீட்டுக்காரர். அவரும் பட்டு வியாபாரிதானே.

"அதான்" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பினார். நான் பிறந்ததிலிருந்து அத்தனை பேர் முன்னால் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. தறியைவிட்டுத் தலை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்ததே குறைவு. "உனக்குச் சரியா-மா?"

எத்தனையோ நாள் இந்தக் கேள்விக்கு நான் மனசுக்குள் நீளமாகப் பதில் எழுதி வைத்திருந்தேன். கேட்டபோது அதில் ஒரு வரியும் ஞாபகம் வரவில்லை.

"இல்லபா" என்றேன்.

"சரி" என்றார் அப்பா. பிறகு அவர்களைப் பார்த்து, "வெயில்ல நிக்காதீங்க. ஓரமா வாங்க, மோர் குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றார். அந்தப் பையன்தான் முதலில் வந்தான். இரண்டு டம்ளர் குடித்தான். எனக்கென்னவோ அவனுக்கும் நிம்மதி என்றுதான் தோன்றியது.

நான் ஆபீஸுக்குப் போகிற வழியில் தேர் வீதியில் என் கம்பியைப் பார்த்தேன். மாவிலை வாடத் தொடங்கியிருந்தது. மெக்கானிக் கீழே நின்று, தோரணம் கட்டியவர்களோடு வாதம் பண்ணிக்கொண்டிருந்தார். சுவாமி புறப்பாடு முடிகிறவரைக்கும் அவிழ்க்க மாட்டோம் என்று அவர்கள் பிடிவாதம். கடைசியில் பாதி மாவிலையோடே அதை இழுத்துக்கொண்டுபோய்க் கம்பத்தில் கட்டினார். என் மேஜைக்கு வந்து லீவரைத் தள்ளினேன். ஒரு நாள் தந்தி மொத்தமும் வரிசையாக வந்தது. கல்யாணங்கள், சாவுகள், தேர்வு முடிவுகள், நடுவில் ஆரணித் தந்தி. அதையும் விதிப்படி உறையில் போட்டு அப்பாவுக்கு அனுப்பி வைத்தேன். அப்பா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, நூல் சுற்றுகிற அட்டைக்கு ஆகும் என்று எடுத்து வைத்துக்கொண்டார்.

மாஸ்டர் அதன் பிறகு எனக்கு மெமோ எழுதவில்லை. எழுதினால் கூடையைப் பற்றி எழுத வேண்டி வரும். ஆடி மாதம் ஒருநாள் கவுன்டரில் கூட்டம். நான் லீவரைத் தூக்கி வைத்திருந்தேன். போன் அடித்தது. "உனக்கு ஒரு சேதி வந்திருக்குதுக்கா, சென்னை ஆபீஸ்லேர்ந்து. வேலை நிரந்தரமாயிடுச்சுபோல. லீவரைத் தள்ளு, அனுப்பறேன்" என்றான் அந்தக் கிளார்க்.

எதிரே ஒரு பெரியவர் மாமாவை வெட்டுவதா, வணக்கத்தை வெட்டுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் இருக்கட்டும்" என்றேன். அவர் நிதானமாக யோசித்து, இரண்டையும் வைத்துக்கொண்டு, காசைக் கொடுத்துவிட்டுப் போனார். அப்புறம் காகிதத்தை நேராக இழுத்து விட்டேன். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தேன். லீவரைத் தள்ளினேன்.

அது வந்தது.